எழுதப்படாதது கசியாது

வணிகவியல் வகுப்பில் முதலில் கற்பிக்கப்படுவது இரட்டைப் பதிவு முறை. ஒரு நடவடிக்கை நிகழ்ந்தால் அது பற்றுப் பக்கத்தில் ஒருமுறையும் வரவுப் பக்கத்தில் ஒருமுறையும் எழுதப்பட வேண்டும். வங்கிகள் கணினிமயமான பின்னர் இந்த இரண்டோடு மூன்றாவது எழுத்து ஒன்றும் சேர்ந்துகொண்டது. வாடிக்கையாளர் அதைக் காண்பதில்லை. பாஸ்புக்கில் அது அச்சாவதில்லை. ஆண்டறிக்கையில் அதற்கு இடமில்லை. ஆயினும் ஒவ்வொரு நொடியும் அது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கணினித் துறையினர் அதனை 'லாக்' என்பர். நாம் அதனை நிகழ்வுப் பதிவேடு என்று அழைக்கலாம்.

இந்த மூன்றாவது பதிவேட்டில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்பதைப் பொறியாளர்களின் பொறுப்பில் விட்டுவிட்டு வங்கியாளர்களும் வாடிக்கையாளர்களும் ஒதுங்கியிருந்த காலம் முடிந்துவிட்டது என்பது நமது கருத்து. சித்தூர், திருப்பதி வட்டாரத்து மக்களுக்கு இதனைச் சொல்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர் காண்போம்.

பதிவேடு வாடிக்கையாளரின் சாட்சி

முதலில் நிகழ்வுப் பதிவேட்டின் பயனைச் சொல்லிவிட வேண்டும். திருப்பதிப் பேருந்து நிலையத்திற்கு அருகில் உள்ள ஏ.டி.எம். ஒன்றில் ஒரு யாத்திரிகர் 5,000 ரூபாய் எடுக்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் பணம் குறைந்துவிட்டது. இயந்திரத்திலிருந்து பணம் வரவில்லை. அவர் சொந்த ஊருக்குத் திரும்பிப் புகார் அளிக்கிறார். அவருக்குச் சாட்சி யார்? அந்த இயந்திரமும் வங்கியின் மைய அமைப்பும் எழுதிவைத்த வரிகளே சாட்சி. எந்த நேரத்தில் கோரிக்கை வந்தது, எந்த நிலையில் தடைப்பட்டது, பணப்பெட்டி திறந்ததா, பிழைக் குறியீடு என்ன என்பவை அனைத்தும் அங்கே இருக்கும். இவ்வாறு தோல்வியுற்ற ஏ.டி.எம். நடவடிக்கையின் தொகையை ஐந்து நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் நெறிப்படுத்தியது. நிகழ்வுப் பதிவேடு இல்லாவிடில் அந்த விதி வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

மோசடியைக் கண்டறிவதற்கும் அதுவே துணை. நள்ளிரவில் ஒரே கணக்கில் பத்து முறை தவறான கடவுச்சொல் முயலப்பட்டது என்பதை அந்தப் பதிவேடுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே பதிவேடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் நிகழ்வு இருக்க வேண்டும். ஆளைப் பற்றிய விவரம் இருக்கக் கூடாது என்கிறோம். மேலே சொன்ன யாத்திரிகரின் வழக்கைத் தீர்க்க நடவடிக்கையின் எண், நேரம், இயந்திரத்தின் அடையாளம், பிழைக் குறியீடு ஆகியவை போதும். அவருடைய அட்டை எண் முழுவதும், கைப்பேசி எண், ஆதார் எண், வீட்டு முகவரி ஆகியவை அந்த வரியில் இருந்தாக வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஆள் விவரம் எவ்வாறு உள்ளே நுழைகிறது?

வாடிக்கையாளரின் கணக்கு விவரம் இருக்கும் தரவுத்தளத்தை வங்கிகள் பெட்டகத்தைப் போலக் காக்கின்றன. யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்பதற்குக் கடுமையான வரையறை உண்டு. நிகழ்வுப் பதிவேட்டின் நிலை வேறு. பழுது பார்ப்பவர், மென்பொருள் எழுதியவர், வெளி ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர், கண்காணிப்புக் கருவியை நடத்துபவர் எனப் பலர் அதைப் படிக்கின்றனர். படிப்பதற்காகவே அது எழுதப்படுகிறது. அதற்கு நகல்களும் பல. பெட்டகத்தில் இருக்க வேண்டியது அந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டால், பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை.

அது எழுதப்படும் வழிகள் பெரும்பாலும் மிக எளியவை. ஒரு சேவை பழுதாகிறது. காரணத்தை அறிய, வந்த கோரிக்கை முழுவதையும் அப்படியே பதிவு செய்யும்படி மென்பொருளாளர் ஒரு வரியைச் சேர்க்கிறார். பழுது நீங்கிவிடுகிறது, அந்த வரி நீங்குவதில்லை. அன்றிலிருந்து வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயரும் பிறந்த தேதியும் அங்கே சேர்ந்துகொண்டே போகின்றன.

இன்னொரு வழி, இணைய முகவரி. சில இணையதளங்களில் நாம் நிரப்பும் விவரங்கள் முகவரிப் பட்டையிலேயே தொடர்ந்து வருவதைக் கவனித்திருக்கலாம். முகவரிகள் அனைத்தையும் சேவையகம் வழக்கமாகவே பதிவு செய்கிறது. ஆகவே அந்த விவரங்களும் தாமாகவே பதிவாகிவிடுகின்றன.

மூன்றாவது வழி, வாடிக்கையாளரின் கை. பயனர் பெயரைக் கேட்கும் கட்டத்தில் அவசரத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 'இந்தப் பெயரில் பயனர் இல்லை' என்று அமைப்பு பதிலளிக்கிறது. தோல்வியுற்ற முயற்சி என்பதால் அந்தப் 'பெயரை'ப் பதிவேட்டிலும் எழுதுகிறது. அடுத்த வரியிலேயே அதே வாடிக்கையாளர் சரியான பெயரைத் தட்டி உள்ளே நுழைந்ததும் பதிவாகிறது. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒருவருடைய கணக்கின் சாவி கிடைத்துவிடுகிறது. புகார்ப் பெட்டியில் எழுதப்படும் செய்திகளும் இப்படித்தான். "என் அட்டை எண் இது, பின்பக்க மூன்று இலக்கம் இது, பணம் போகவில்லை" என்று எழுதுகிறவர்கள் இருக்கின்றனர்.

நான்காவது வழி, ஆள் விவரம் போலத் தோன்றாத ஆள் விவரம். யு.பி.ஐ. முகவரி என்பது பலருக்கும் அவர்களுடைய கைப்பேசி எண்ணோடு ஒரு குறியும் வங்கியின் சுருக்கப் பெயரும் சேர்ந்ததுதான். 'முகவரியை மட்டுமே எழுதினோம்' என்பவர் உண்மையில் கைப்பேசி எண்ணை எழுதிவிடுகிறார். பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் நாம் எழுதும் 'கீமோ செலவு', 'கோர்ட் பீஸ்' போன்ற சொற்கள் இரண்டே ஆயினும், ஒரு குடும்பத்தின் துயரத்தை அவை சொல்லிவிடும். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள மருத்துவமனைகளுக்கு இரு மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து செல்கின்றனர். அவர்கள் செலுத்தும் தொகையின் தடத்தில் நோயின் பெயரும் சேர்ந்துவிடக் கூடாது.

வெளியாரின்றியே நேர்ந்தவை

தகவல் கசிவு என்றால் வெளியிலிருந்து ஒரு திருடன் சுவரேறிக் குதிப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். அண்மை ஆண்டுகளின் பெரிய நிகழ்வுகள் சிலவற்றில் திருடன் தேவைப்படவேயில்லை.

2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம் தன்னுடைய 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைகுறியாக மாற்றப்படுவதற்கு முன்னரே அந்நிறுவனத்தின் உள் பதிவேட்டில் வெளிப்படையான எழுத்தில் பதிவாகிவந்தது கண்டறியப்பட்டதே காரணம். கிட்ஹப் என்னும் மென்பொருள் தளமும் அதே காலத்தில் இதே போன்ற பிழையைத் தன் பயனர்களுக்குத் தெரிவித்தது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் அமைப்புகளில் பல கோடிப் பயனர்களின் கடவுச்சொற்கள் படிக்கக்கூடிய எழுத்தில் சேமிக்கப்பட்டிருந்தது வெளியானது. அதன் தொடர்பில் 2024 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் தாய் நிறுவனத்துக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. உலகின் மிகத் திறமையான பொறியாளர்கள் பணிபுரியும் இடங்கள் இவை. திறமைக் குறைவால் இவை நேரவில்லை. பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதை யாரும் கணக்குத் தணிக்கை போல முறையாகப் பார்க்காததால் நேர்ந்தன.

நம் நாட்டிலும் 2019 ஜனவரியில், மிகப்பெரிய பொதுத்துறை வங்கி ஒன்றின் தவறிய அழைப்புச் சேவை தொடர்பான சேவையகம் கடவுச்சொல் பாதுகாப்பின்றி இருந்ததாகச் செய்தி வெளிவந்தது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்பட்ட குறுஞ்செய்திகள் அதில் சேர்ந்திருந்தன. கணக்கில் எவ்வளவு இருப்பு, அண்மையில் எவ்வளவு வரவு என்று ஒருவருக்கு அனுப்பிய செய்தியின் நகல், அனுப்பிய வேலை முடிந்த பின்னரும் அங்கே இருந்ததுதான் சிக்கல்.

நம் மண்ணில் நடந்தவை

சித்தூரும் திருப்பதியும் இருக்கும் ஆந்திரப் பிரதேசம், நலத்திட்டங்களைக் கணினி வழியே கொண்டுசெல்வதில் மற்ற மாநிலங்களுக்கு முன்னால் நின்ற மாநிலம். வேகம் கூடியபோது பதிவுகள் திறந்த வெளியில் கிடந்த நிகழ்வுகளும் இங்கே நேர்ந்தன. 2017 மே 1 அன்று பெங்களூரைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூகத்துக்கான ஆய்வு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசு இணையதளங்களில் 13 கோடிக்கும் குறையாத ஆதார் எண்களும், ஏறக்குறைய 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் பொதுவெளியில் காணக் கிடந்தன என்பது அதன் மதிப்பீடு. அந்த நான்கில் இரண்டு ஆந்திரப் பிரதேச அரசைச் சேர்ந்தவை. ஒன்று ஊரக வேலை உறுதித் திட்டத்தின் அன்றாடப் பண வழங்கல் அறிக்கை; மற்றொன்று சந்திரண்ண பீமா என்னும் காப்பீட்டுத் திட்டத்தின் தளம்.

2018 ஏப்ரலில் மாநில வீட்டுவசதிக் கழகத்தின் இணையதளத்தில் 1.34 லட்சம் பயனாளிகளின் ஆதார் எண், வங்கி விவரம், சாதி, மதம் ஆகியவை எவரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்ததாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அரசின் அண்ணா சஞ்சீவினி மருந்துக் கடைகளில் யார் எந்த மருந்தை வாங்கினார் என்பது தொலைபேசி எண்ணோடு வெளியில் தெரியும்படி இருந்தது.

இவை அனைத்தும் கணினியின் நிகழ்வுப் பதிவேடு என்னும் குறுகிய பொருளில் அடங்குபவை அல்ல. ஆனால் அடிப்படைப் பிழை ஒன்றே. 'இன்று இத்தனை பேருக்குப் பணம் போயிற்று', 'இத்தனை மருந்து விற்றது' என்று நிகழ்வைச் சொல்ல வேண்டிய இடத்தில், யாருக்குப் போயிற்று, யார் வாங்கினார் என்பது முழு எண்ணோடு சேர்ந்து எழுதப்பட்டது. மேற்பார்வைக்காக உருவான அறிக்கையில், மேற்பார்வைக்குத் தேவையில்லாத ஆள் விவரம் இடம்பெற்றுவிட்டது.

அதன் விளைவு எங்கே சென்று முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2022-இல் சைபராபாத் காவல்துறை ஒரு கும்பலைக் கைது செய்தது. ஆந்திரப் பிரதேசப் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நில ஆவணங்களைப் பதிவிறக்கி, அவற்றில் இருந்த கைரேகைகளையும் ஆதார் எண்களையும் எடுத்து, போலிக் கைரேகை செய்து, ஆதார் வழிப் பணப் பட்டுவாடா முறையில் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்தனர் என்பது வழக்கு. நிலம் விற்றதற்குச் சான்றாக வைத்த கைரேகை, வங்கிக் கணக்கைத் திறக்கும் சாவியாக மாறிவிட்டது.

சித்தூர் மாவட்டத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியை எண்ணிப் பாருங்கள். பருவத்தில் கூழ் ஆலையிலிருந்து வரும் தொகை, அரசு மானியம், முதியோர் உதவித்தொகை யாவும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. அவரிடம் கடவுச்சொல் இல்லை, செயலி இல்லை. ஊருக்கு வரும் வங்கி மித்ராவிடம் விரலை வைத்துப் பணம் பெறுகிறார். கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. தாய்மொழி தமிழாகவும், படிவத்தின் மொழி தெலுங்காகவோ ஆங்கிலமாகவோ இருப்பதால், எழுதித் தருமாறு பிறரை நாடுபவர்களும் இந்த எல்லைப்புறத்தில் பலர். தகவல் வெளியானதை அவர்கள் அறிவதே பணம் போன பிறகுதான். நாம் முன்னர் சொன்ன தனிக் காரணம் இதுவே.

சட்டத்தின் இரு கட்டளைகள்

வாடிக்கையாளரின் இரகசியம் காப்பது வங்கிகளுக்குப் புதிய கடமை அன்று. வங்கிகள் தேசியமயமானபோது இயற்றப்பட்ட 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்நாளில் இரகசியம் தடித்த பேரேட்டில் இருந்தது. மாலையில் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். இன்று எழுதும் கை இயந்திரமாகிவிட்டதால், கட்டளையை இயந்திரத்துக்கும் புரியும்படி சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவேட்டின் ஆயுள் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில், ஒருவர் எப்போது ஆதாரைப் பயன்படுத்தினார் என்னும் சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் காப்பகத்தில் வைத்திருக்க இடமளித்த விதியை நீதிமன்றம் செல்லாது என்றது. ஆறு மாதங்களுக்கு மேல் அவற்றை வைத்திருக்கக் கூடாது என்றும் கூறியது. கோடானுகோடி மக்களின் அன்றாட நடமாட்டம் ஒரு பதிவேட்டில் திரண்டிருப்பதே ஓர் ஆபத்து என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது என்றே நாம் கொள்கிறோம்.

மறுபுறம், 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் எனப்படும் கணினி அவசரநிலைக் குழு, எல்லா நிறுவனங்களும் தங்கள் நிகழ்வுப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

ஒரு கட்டளை 'வைத்திரு' என்கிறது. மற்றொன்று 'வைத்திராதே' என்கிறது. இவை முரண்படுவதாகச் சிலர் கருதுகின்றனர். பதிவேட்டில் ஆள் விவரம் கலந்திருக்கும்போதுதான் முரண்பாடு தோன்றும். நிகழ்வு மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதை 180 நாட்களுக்கும் வைத்திருக்கலாம், அதற்கு மேலும் வைத்திருக்கலாம், எவருக்கும் கேடில்லை. இரு கட்டளைகளுக்கும் ஒருசேரக் கீழ்ப்படியும் வழி, எழுதும்போதே ஆளை விட்டு எழுதுவதுதான்.

உண்டியல் காட்டும் முறை

பெயரில்லாமல் பொறுப்புடன் கணக்கு வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. வெள்ளித் திருமேனி செய்தளித்து நிலமும் வழங்கிய பல்லவ குலத்துச் சாமவையின் பெயர் இன்றும் நமக்குத் தெரிவது கல்வெட்டால்தான். கொடுத்தவர் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்பினார். அதனால் பெயர் எழுதப்பட்டது.

அதே மலையில் உண்டியலும் இருக்கிறது. அதில் இடுபவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. ஆயினும் கணக்கு இல்லாமல் போவதில்லை. பரகாமணியில் காணிக்கை எண்ணப்படுகிறது, எண்ணுபவர்கள் சோதிக்கப்படுகின்றனர், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, நாள்தோறும் தொகை அறிவிக்கப்படுகிறது. அங்கும் முறைகேட்டுப் புகார் எழுந்து விசாரணை நடந்ததுண்டு. அந்த விசாரணைக்குத் தேவைப்பட்டது எண்ணியவரின் நடவடிக்கை. இட்டவரின் பெயர் அன்று.

வங்கியின் கணக்குப் புத்தகத்தில் வாடிக்கையாளர் பெயர் இருக்கத்தான் வேண்டும். அது கல்வெட்டுக்கு நிகர். அவருடைய சம்மதத்தோடு எழுதப்படுவது. நிகழ்வுப் பதிவேடோ உண்டியலைப் போல நடத்தப்பட வேண்டியது. பணத்தையும் கையாளுபவரையும் கண்காணிப்போம். இட்டவரின் பெயரை எழுத வேண்டாம்.

வங்கிகள் செய்ய வேண்டியவை

முதலாவது, பதிவேட்டில் எழுதலாம் என அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியல் ஒன்று வேண்டும். 'இவற்றை எழுதாதே' என்னும் தடைப்பட்டியல் போதாது. புதிதாக ஒரு கட்டம் சேரும்போது அது தடையிலிருந்து தப்பிவிடும். 'இவற்றை மட்டும் எழுது' என்றால் புதியது எதுவும் தானாக நுழையாது.

இரண்டாவது, ஆளைக் குறிக்க வேண்டிய இடத்தில் வேறெங்கும் பொருள்படாத ஒரு குறிப்பெண்ணை இட வேண்டும். அந்த எண் யாருடையது என்பதைக் காட்டும் அட்டவணை பெட்டகத்துக்குள் இருக்கட்டும். கைப்பேசி எண்ணை ஏதோ ஒரு சூத்திரத்தால் உருமாற்றி எழுதிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். பத்து இலக்க எண்ணில் மொத்தம் ஆயிரம் கோடிச் சேர்க்கைகளே உண்டு. ஆறு முதல் ஒன்பதுக்குள் தொடங்கும் இந்தியக் கைப்பேசி எண்களோ 400 கோடிக்குள் அடங்கும். இரகசியச் சாவி எதுவும் சேர்க்காமல் வெறும் சூத்திரத்தால் உருமாற்றினால், எல்லா எண்களையும் முயன்று பார்த்து மூல எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிக்குச் சில நிமிடங்கள் போதும்.

மூன்றாவது, சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் விவரத்தைப் பயன்படுத்தலாகாது. 2017 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் அளித்த ஒரு புகார் நினைவுகூரத் தக்கது. ஒரே நபரின் கைரேகைப் பதிவைக் கொண்டு ஏழு மாதங்களில் 397 முறை சரிபார்ப்பு நடந்ததாக அப்புகார் கூறியது. சேமித்து வைத்த கைரேகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கலாம் என்பதே ஐயம்.

நான்காவது, பதிவேட்டைப் படிப்பவர்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். ஐந்தாவது, உள் தணிக்கையாளர் கிளைக்கு வந்து வவுச்சர்களைப் புரட்டுவது போல, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிகழ்வுப் பதிவேட்டிலிருந்து சில ஆயிரம் வரிகளை எடுத்துப் பன்னிரண்டு இலக்க எண்ணும், பதினாறு இலக்க எண்ணும் அங்கே உள்ளனவா என்று தேடிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விவரம் குறைந்தால் புகாரைத் தீர்க்கத் தாமதமாகும் என்று எங்கள் துறையினரே சொல்வதுண்டு. கவுண்டரின் மறுபுறம் கோபத்தோடு நிற்பவருக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய எங்களுக்கு அந்தக் கவலை புரியாததன்று. ஆனால் அட்டை எண் விஷயத்தில் இதே மறுப்பு எழுந்து, பின்னர் அடங்கியதையும் நாம் கண்டோம். 2022 அக்டோபர் 1 முதல் இணைய வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமிக்கக் கூடாது, அதற்கு ஈடான 'டோக்கன்' மட்டுமே இருக்கலாம் என்பது நடைமுறைக்கு வந்தது. வணிகம் நின்றுவிடும் என்ற அச்சம் பொய்த்தது. வாங்கியவர் வாங்கிக்கொண்டே இருக்கிறார். பணம் திரும்ப வேண்டியபோது திரும்புகிறது. யு.பி.ஐ. நடவடிக்கை ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்கக் குறிப்பெண் உண்டு. அந்த எண் ஒன்றைக் கொண்டே தடத்தைத் தேடிவிடலாம்.

வாடிக்கையாளர் செய்யக்கூடியவை

இதில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. புகார் எழுதும்போது நடவடிக்கைக் குறிப்பெண், தேதி, தொகை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். அட்டையின் முழு எண்ணையும் பின்பக்க இலக்கங்களையும் ஓ.டி.பி. எண்ணையும் எந்தப் புகாரும் கேட்காது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தைக் கைவிடலாம். பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் நோயையும் வழக்கையும் எழுதாதிருக்கலாம்.

திருப்பதி விடுதிகளில் அறை எடுப்பவர்கள் ஆதார் நகல் கொடுப்பது வழக்கம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளலாம். இயன்ற இடங்களில் அதையே கொடுங்கள். ஆதாரில் உள்ள கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. விரல் வைத்துப் பணம் பெறும் தேவை இல்லாதவர்கள் பூட்டி வைக்கலாம். வீட்டில் உள்ள முதியவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பது பிள்ளைகளின் கடமை.

இவற்றோடு, உங்கள் வங்கியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் விவரம் உங்கள் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதப்படுகிறதா? எழுதப்படுமாயின் யார் படிக்கிறார்கள்? எத்தனை நாட்களில் அழிகிறது? கிளையில் உள்ளவருக்கு உடனே விடை தெரியாமல் இருக்கலாம். அவர் அதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாக வேண்டும். பல கிளைகளிலிருந்து ஒரே கேள்வி மேலே சென்றால் அது தலைமை அலுவலகத்தில் ஒரு பொருளாக விவாதிக்கப்படும். வட்டி விகிதத்தைக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருப்பது போலவே இதைக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

பூட்டுகளை வலுப்படுத்த வங்கிகள் ஆண்டுதோறும் பெரும் தொகை செலவிடுகின்றன, அது தேவையே. ஆனால் எந்தப் பூட்டையும் என்றாவது ஒருநாள் யாராவது திறந்துவிடக்கூடும். திறந்தவர் கையில் மாந்தோப்பு விவசாயியின் ஆதார் எண் அகப்படாமல் இருக்க வேண்டுமானால், அது அந்த இடத்தில் எழுதப்படாமல் இருக்க வேண்டும். எழுதுவதற்கு முன் 'இது தேவையா' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது செலவில்லாத காவல். அந்தக் காவலை இப்போதே தொடங்கலாம்.